விசிறியில் சிக்கிய ஊர்

கேம் ஆடினால் லேப்டாப் கெட்டுப்போகும் என்று சொல்கிற எல்லோரோடும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. வீட்டில் சொல்கிறார்கள், கல்லூரியில் சொல்கிறார்கள், சர்வீஸ் கடையிலும் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரே தொடாத பெரியப்பா கூடக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். ஒரு பொய்யை இத்தனை பேர் ஒரே குரலில் சொன்னால், அதற்குப் பின்னால் யாரோ தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே தப்பித்துக்கொண்டிருப்பது தூசி. தூசி மட்டும் இல்லை, தூசியைக் கிளப்புகிறவர்களும்தான்.

உத்திரமேரூர் பக்கத்து ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம், மத்தியானம் மூணு மணி. சிமெண்ட் ஷீட் கூரை. கட்டில் மேல் பஞ்சு மெத்தை, மெத்தை மேல் லேப்டாப். கேம் ஆரம்பிக்கும்போது அறுபது எஃப்.பி.எஸ். பத்து நிமிஷத்தில் விசிறி அம்மி அரைப்பது மாதிரி கத்துகிறது. இருபது நிமிஷத்தில் திரை திக்கித் திக்கி ஓடுகிறது. அரை மணியில் ஒரேயடியாகக் கறுத்துப்போகிறது. உள்ளேயிருந்து அம்மா குரல்: “எப்பப் பாத்தாலும் அந்தப் பொட்டியக் கட்டிக்கினு கிட. அது சூடாயி வெடிக்கத்தான் போவுது.” மறுநாள் கடைக்கு எடுத்துப்போனால் அண்ணன் திறந்துகூடப் பார்ப்பதில்லை. முதல் கேள்வியே, “கேம் ஆடினியா தம்பி?” பையன் தலை குனிகிறான். வழக்கு முடிந்தது. சாட்சி விசாரணை கிடையாது.

நான் கேட்பது அந்த விசாரணையைத்தான்.

*

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். லேப்டாப்புக்குள் பிராசசர் என்ற சில்லு வேலை செய்தால் சூடாகும். கேம் என்றால் வேலை அதிகம், சூடும் அதிகம். இது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டை வெளியேற்றுவதற்கென்றே உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. சில்லின் மேல் ஒரு செப்புத் தகடு, அதிலிருந்து தட்டையான ஒரு செப்புக் குழாய். குழாய் வெறும் கம்பி இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே கொஞ்சம் திரவம், பெரும்பாலும் தண்ணீர்தான், வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகும், குளிர்ந்த முனையில் மறுபடி நீராகும், குழாயின் உட்சுவரில் இருக்கிற திரி போன்ற அமைப்பு வழியாகத் திரும்பி வரும். இட்லிப் பானை மூடியில் ஆவி முட்டித் துளியாகி விழுகிறதே, அதே கதைதான். குளிர்ந்த முனையில் மெல்லிய தகடுகள் சீப்புப் பற்கள் போல நெருக்கமாக நிற்கும். விசிறி அடியிலிருந்து காற்றை இழுத்து அந்தப் பற்களுக்கு நடுவே தள்ளி வெளியே விடும். அவ்வளவுதான். லேப்டாப்பின் உயிர் அந்தச் சீப்பு இடுக்கில் இருக்கிறது.

தூசி எங்கே அடைகிறது தெரியுமா? எல்லோரும் விசிறி இறக்கையைக் காட்டுவார்கள். இறக்கையில் ஒட்டுவது கொஞ்சம்தான். மீதி எல்லாம் விசிறிக்கும் சீப்புக்கும் நடுவில், சீப்பின் உள்பக்கத்தில் போய் முட்டி நிற்கும். மெத்தைப் பஞ்சு, தலைமுடி, துணி நூல், வைக்கோல் தூள், ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்து ஒரு கம்பளித் துண்டு மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெளியேறும் துவாரம் பளிச்சென்று இருக்கும். அதனால்தான் “நான் கிளீனாதானே வெச்சிருக்கேன்” என்று எல்லோரும் சத்தியம் பண்ணுகிறார்கள். அந்தத் துவாரத்தில் வாய் வைத்து ஊதினால் கம்பளி இன்னும் உள்ளே போய் விசிறிமேல் விழும், அவ்வளவுதான் லாபம்.

காற்று போகாவிட்டால் சூடு ஏறும். ஏறினால் பிராசசர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். பெரும்பாலான சில்லுகள் ஏறக்குறைய 95 முதல் 105 டிகிரி வரைக்குள் ஓர் எல்லை வைத்திருக்கின்றன. அதைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும். அதுதான் நீங்கள் பார்க்கிற திக்கல். குறைத்தும் அடங்காவிட்டால் மின்சாரத்தையே துண்டித்துக்கொள்ளும். அதுதான் கறுத்த திரை. இயந்திரம் கத்திச் சொல்கிறது: எனக்கு மூச்சு முட்டுகிறது என்று. நாம் அதைக் கேட்டுவிட்டு, “கேம் ஆடாதே” என்கிறோம். மூச்சு முட்டுகிறவனைப் பார்த்து “ஓடாதே” என்று மட்டும் சொல்லி அனுப்புகிற வைத்தியரை என்ன செய்வீர்கள்?

அதோடு, கேமை நிறுத்தினால் பிரச்சினை தீராது. அதே லேப்டாப்பில் ஆட்டோகேட் போட்டாலும், வீடியோ எடிட் பண்ணினாலும், கோடு கம்பைல் பண்ணினாலும் இதே கதிதான். கேம் பழியை வாங்கிக்கொள்கிறது, ஏனென்றால் கேம் ஆடுவது சந்தோஷம். நம் ஊரில் சந்தோஷத்துக்கு ஜாமீன் கிடைக்காது.

*

இரண்டாவது சாட்சி, லேப்டாப்போடு வந்து யாரும் படிக்காத காகிதம். பெரிய நிறுவனங்களின் விவரக் குறிப்பைப் பிரித்துப் பாருங்கள். இயங்கும்போது சுற்றுப்புற வெப்பம் அதிகபட்சம் 35 டிகிரி என்று பல மாடல்களுக்குப் போட்டிருப்பார்கள். முப்பத்தைந்து! காஞ்சிபுரம் மாவட்டத்தில் அக்னி நட்சத்திரத்தின்போது நிழலிலேயே அதைத் தாண்டும். ஷீட் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். அதாவது இந்தப் பெட்டி ஏசி ரூமுக்காகச் செய்யப்பட்டது. நம் வீட்டுக்கு அது விருந்தாளியாக வந்திருக்கிறது, மாப்பிள்ளையாக வரவில்லை.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, அறைக் காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. எனவே அறை 25 டிகிரியிலிருந்து 40 ஆனால் உள்ளே இருக்கிற சில்லின் சூடும் ஏறக்குறைய அதே 15 டிகிரி ஏறும். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து யூட்யூபில் “என் லேப்டாப் 80 டிகிரிதான் போகுது ப்ரோ” என்று சொல்கிறவருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது இந்தப் பதினைந்துதான். அவருக்கு ஒரு சுற்றுத் தூசி தாங்கும். நமக்குத் தாங்காது. வசதியான ஊரில் சுத்தம் செய்வது ஒரு நல்ல பழக்கம். இங்கே அது இயந்திரத்துக்கு வாழ்வா சாவா பிரச்சினை.

அவர்கள் சொல்கிற மருந்தையும் பாருங்கள். கூலிங் பேட் வாங்கு. இல்லையென்றால் புது லேப்டாப் வாங்கு. அடைத்துக்கொண்ட மூக்குக்கு எதிரே டேபிள் ஃபேன் வைப்பது போன்றது கூலிங் பேட். உள்ளே கம்பளியை எடுக்காமல் வெளியே எத்தனை விசிறி வைத்தாலும் பயன் கொஞ்சம்தான். மெத்தையிலிருந்து எடுத்து ஒரு பலகை மேல் வைத்து, பின்பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடியைக் கொடுத்துத் தூக்கினால் காற்று தாராளமாகப் போகும். அதற்குச் செலவு பூஜ்யம். பூஜ்யத்துக்கு அஃபிலியேட் லிங்க் கிடையாது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

*

இனி அந்தத் தூசிக்கு வருவோம். யாருடைய தூசி அது?

“வீட்டைப் பெருக்கினா தூசி இருக்காது” என்று சொல்வார்கள். நம் வீடுகளில் தினம் இரண்டு வேளை பெருக்குகிறார்கள். யார் என்பதுதான் கேள்வி. அம்மா பெருக்குவார், அக்கா பெருக்குவார், தம்பி காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு கேம் ஆடுவான். துடைப்பம் கிளப்புகிற தூசியைத்தான் அவன் லேப்டாப் உறிஞ்சுகிறது. கேம் ஆடுகிற தம்பிகளே, உங்களுக்காக இவ்வளவு வாதாடுகிற நான் இதையும் சொல்லத்தான் வேண்டும்: சுத்தம் செய்வது பொம்பளை வேலை என்று நினைக்கிற ஒருவனுக்குத் தன் லேப்டாப் விசிறியைச் சுத்தம் செய்யவும் தோன்றாது. உலகத்து இயந்திரங்களெல்லாம் யாரோ துடைத்து வைத்தவை என்றுதான் அவன் வளர்ந்திருக்கிறான். பன்னிரண்டு மணி நேரம் ஒரு பாஸை வீழ்த்தப் பொறுமை இருக்கிறது, பத்து ஸ்க்ரூ கழற்றப் பொறுமை இல்லை.

ஆனால் வீட்டுத் தூசி பாதிக் கதை. மீதிக் கதை வாசலுக்கு வெளியே ஓடுகிறது. சாலவாக்கம் பக்கம் போய்ப் பாருங்கள். மதூர், பட்டா, அருங்குன்றம், சிறுமயிலூர், பழவேரி, திருமுக்கூடல் என்று கல்குவாரியும் கிரஷரும் உள்ள ஊர்களின் வரிசை நீளமானது. ஆற்று மணல் அருகிப்போனது, சென்னை வளர்வது நிற்கவில்லை. ஆகவே மலையை உடைத்து ஜல்லி, ஜல்லியை அரைத்து எம்-சாண்ட். டாரஸ் லாரிகள் இரவும் பகலும் போகின்றன. தார்ப்பாய் சரியாக மூடாத லாரி ஒன்று போனால் ரோட்டோரத்துப் புளியமரம் ஒரு வெள்ளைப் பூச்சு பூசிக்கொள்கிறது. மரத்துக்கு வந்தது வீட்டுக்கு வராதா? வீட்டுக்கு வந்தது விசிறிக்கு வராதா?

கல்தூள் பஞ்சுத் தூசி மாதிரி இல்லை. பஞ்சு அடைக்கும், கல் தேய்க்கும். கருங்கல்லில் இருக்கிற குவார்ட்ஸ் சாதாரண இரும்பை விடக் கடினமானது. அது விசிறியின் அச்சில் இருக்கிற எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் வேலை செய்யும். விசிறி கிரீச்சென்று சத்தம் போட ஆரம்பித்தால் பாதி நாள் போய்விட்டது என்று பொருள்.

இங்கே ஒருவர் கேட்பார்: “ஊர்ல ஜனங்க நெஞ்சு பாழாவுது, நீங்க லேப்டாப்புக்கு அழுவுறீங்களே?” நியாயமான கேள்வி. என் பதில்: நுரையீரலைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்க்க முடியாது, லேப்டாப் விசிறியைப் பார்க்கலாம். நாம் படுக்கிற அறையில் எந்தக் காற்று ஓடுகிறது என்பதற்கு நம் கையில் இருக்கிற மலிவான சாட்சி அது. கண்ணுக்குத் தெரிகிற கம்பளி இயந்திரத்தில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அந்தச் சிலிகா தூள் வருஷக்கணக்கில் உள்ளே போனால் சிலிகோசிஸ். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அது எழுதப்பட்டிருந்தது.

கிரஷருக்கும் விதி உண்டு. இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டர் தூரத்தில் அளந்தால் மிதக்கும் தூசி ஒரு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தண்ணீர் தெளிக்க வேண்டும், தூசி கிளம்பும் இடங்களை மூட வேண்டும், காற்றுத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், மரம் நட வேண்டும். எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அந்த அளவுகளை ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டினால் நாம் ஏன் விசிறியைக் கழற்றிச் சாட்சி தேடப்போகிறோம்? திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. அங்கே இருக்கிற பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், 15 படுக்கையோடு ஓர் ஆதுலசாலை நடந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வைத்தியர் யார், அறுவை செய்பவர் யார், என்னென்ன மருந்து என்றெல்லாம் கல்லில் எழுதி வைத்த ஊர். இன்றைக்கு அதே பக்கத்தில் கல்லை அரைத்து மூச்சில் போடுகிறோம்.

*

மூன்றாவது குற்றவாளி, “திறக்காதே” என்கிற குரல். இதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

வாங்கிய அன்றே அப்பா சொல்வார், “அதுல கை வைக்காத.” பின்பக்கத்து ஸ்க்ரூ ஒன்றின் மேல் ஒரு ஸ்டிக்கர், கிழித்தால் வாரண்டி போச்சு என்று. அமெரிக்காவில் 2018ல் மத்திய வர்த்தக ஆணையமே இப்படி மிரட்டுவது சட்டப்படி செல்லாது என்று சில நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அதே டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளம் திறந்தது. நல்லது. ஆனால் உரிமை இணையதளத்தில் இருந்து என்ன பயன்? டிராக்டர் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற அப்பா, மோட்டார் பம்பு காயிலை ஊரிலேயே கட்டித் தருகிற அண்ணன், தையல் மெஷினுக்குத் தானே எண்ணெய் விடுகிற அக்கா, இவர்கள் இருக்கிற வீட்டில் லேப்டாப்பை மட்டும் சாமி சிலை மாதிரி தொடாமல் வைத்திருக்கிறோமே, அந்தப் பயத்தை யார் விற்றார்கள்?

திறப்பது பெரிய வித்தையில்லை. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அவர்களிடமே கேளுங்கள். முடிந்துவிட்டதென்றால், ஸ்லீப்பில் போடாமல் முழுதாக அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அந்தந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். நீளம் ஒன்றுபோல இருக்காது. குட்டையின் இடத்தில் நெட்டையைத் திருகினால் போர்டு உடையும். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு விசிறி இறக்கையை ஒரு தீக்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாக. கேமரா கடையில் விற்கிற ரப்பர் பல்பு ஊதி இருந்தால் நல்லது. கம்பளி சீப்பின் உள்பக்கம் இருக்கும் என்றேன் அல்லவா, சில மாடலில் விசிறியை மட்டும் தனியாகக் கழற்றினால்தான் அதைச் சாமணத்தால் எடுக்க முடியும். செப்புக் குழாயோடு சேர்ந்த தகட்டைக் கழற்றினால் மட்டும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவ வேண்டும். அந்த அளவுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் போகாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பஞ்சர் கடைக் கம்ப்ரஸருக்கு எடுத்துப்போகாதீர்கள். அந்தத் தொட்டிக்குள் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும். அழுத்தம் லாரி டயருக்கானது, விரல் நகம் அளவு அச்சுக்கானது இல்லை. விசிறி தாறுமாறாகச் சுற்றி அச்சே போய்விடும். வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அது உண்டாக்குகிற நிலைமின்சாரம் போர்டைக் கொல்லலாம். வேலையை வாசலில் வைத்துச் செய்யுங்கள், மூக்கில் ஒரு துணி கட்டிக்கொண்டு. கிரஷர் ஊர் என்றால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. கை நடுங்குகிறது என்றால் கடைக்கே போங்கள். ஆனால், “எதிர்லயே தொறங்கண்ணா, நானும் பாக்கறேன்” என்று சொல்லுங்கள். சொல்லிப் பாருங்கள். “கேம் ஆடினியா தம்பி?” என்ற கேள்வி அதற்கப்புறம் வராது.

*

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. பிரதமர் மோதி 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். மேடைக்கு மேடை ஜனநாயகத்தின் தொட்டில் என்கிறோம். அந்தத் தொட்டிலில் யார் படுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டுமே ஓலையில் பெயர் எழுதப்பட்டார்கள். பெருமை பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் விட்டுவிடுகிற இன்னொன்றும் இருக்கிறது. அத்தனை ஓலையும் எதற்காகக் குடத்தில் போட்டார்கள்? பராமரிப்புக்காக. தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பதவி. முன்பு பதவியில் இருந்து கணக்கு காட்டாதவன் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது, அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம், இன்றைய உத்திரமேரூர் ஏரி, இத்தனை நூற்றாண்டு நின்றது யாரோ தேர்தலில் ஜெயித்ததால் இல்லை. யாரோ வருஷா வருஷம் வண்டலை அள்ளிக் கொட்டியதால். வாரியத்தில் உட்கார்ந்தவர் கூடை சுமந்திருக்க மாட்டார். சுமந்தவர் பெயர் கல்லில் ஏறவில்லை. வெட்டுவது சாதனை, தூர்வாருவது கூலி வேலை என்ற புத்தி அன்றைக்கே இருந்தது. இன்றைக்கும் அதே புத்திதான் லேப்டாப் கொடுக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பல கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அது. அதை நான் ஒருபோதும் கேலி செய்ய மாட்டேன். கேலி செய்கிறவர்கள் வீட்டில் மூன்று இருந்திருக்கும். 2025 மார்ச்சில் வாசித்த பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ கொடுப்பதாக அறிவித்தார்கள். கொடுக்கட்டும். பையிலும் பெட்டியிலும் படம் போடுகிறீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பிரஷும் ஏன் வைக்கக் கூடாது? எந்த ஸ்க்ரூ எங்கே என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? ஒவ்வொரு கல்லூரியிலும் ஆறு பேர் கொண்ட ஒரு குழு, பெண்களையும் சேர்த்து, வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு சனிக்கிழமை, மரத்தடியில் மேஜை போட்டு, வருகிறவர் லேப்டாப்பையெல்லாம் திறந்து சுத்தம் செய்து கொடுத்தால் அதுதான் இந்த ஊருக்குப் பொருத்தமான வாரியம். அதிலிருந்து வந்த தூசியை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி, அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் மேஜைமேல் வைக்கலாம். கிரஷருக்கு அளவு எடுத்தீர்களா, எடுத்த கணக்கு எங்கே என்று கேட்கலாம். கணக்கு காட்டாதவர்களை என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கோயில் சுவரிலேயே எழுதியிருக்கிறது.